அப்பா மீதம் வைத்த இலை

1

இதை எழுதாமலே விட்டிருப்பேன். சோம்பல் ஒரு காரணம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் பேனாவைப் பிடித்தால் பேனாவுக்கே கூச்சமாக இருக்கும் என்பது இரண்டாவது. மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நஸீர்தான் விடவில்லை. பலாங்கொடைப் பஜாரில் புடவைக் கடை வைத்திருப்பவரின் மகன், என் கூட்டாளி. அவனும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ரோனியோ அடித்து ஒரு பத்திரிகை விடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அதைத்தானே கையில் வைத்திருக்கிறீர்கள். மூன்று கடிதம் போட்டுவிட்டான். கடைசிக் கடிதத்தில் இப்படி எழுதியிருந்தான்: "இந்தியாவுக்குப் போன ஆக்கள் எல்லாரும் அழுது அழுது எழுதுறாங்க மச்சான். கடுதாசியப் புழிஞ்சி காயப்போட வேண்டி ஈக்கி. நீ சரி சிரிக்க எழுது."

சரி, சிரிக்க எழுதுகிறேன். கோத்தகிரிக்கு மேலே எங்களைக் குடியேற்றிய இடத்தில், தகரக் கூரை போட்ட வீட்டில், இரண்டு சட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இங்கேயும் தேயிலைதான். அதே செடி, அதே அட்டை, அதே மழை. கடல் தாண்டி வந்து பார்த்தால் பின்பக்கத்து மலைக்கு வந்த மாதிரி இருக்கிறது.

கப்பலிலிருந்து இறங்கிய அன்று எங்களைத் தாயகம் திரும்பியோர் என்றார்கள். திரும்பியோர் என்றால் முன்னே ஒருமுறை இங்கேயிருந்து போயிருக்க வேண்டும். நான் ராமேஸ்வரத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான். பெட்டியைச் சோதித்த ஐயாவிடம் கேட்டேன்: "நான் எப்பங்க போனேன், திரும்பி வர்றதுக்கு?"

"உங்க தாத்தன் போனான்ல" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

தாத்தன் வாங்கிய டிக்கெட்டுக்கு என்னை இறக்கிவிட்டார்கள். அங்கே இந்தியாக்காரன் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். எந்த நாட்டில் இருந்தாலும் பக்கத்து நாட்டுக்காரனாக இருப்பது எல்லோருக்கும் வாய்க்காது.

பேச்சிலும் மாட்டிக்கொள்கிறோம். கடையில் அரை ராத்தல் பாண் கேட்டால் நிற்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அடுத்த வீட்டு மகேஸ்வரிக்கு ஆறு வயது. கப்பலில் வரும்போது என் மடியில் வாந்தி எடுத்த பிள்ளை. அவள் இப்போது எனக்குப் பாடம் எடுக்கிறாள்.

"பாண்ணு சொல்லாதீங்க மாமா. சிரிக்கிறாங்க. ப்ரெட்டுன்னு சொல்லுங்க."

"நீ எந்த ஊரு புள்ள?"

"கோத்தகிரி."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நான் பாப்பா" என்கிறாள். அவளுக்குப் பலாங்கொடை என்றால் அவள் அம்மா அடுப்பங்கரையில் அழும்போது சொல்லும் ஒரு சொல். அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் நஸீர் கேட்ட மாதிரி சிரிப்பாகவே முடிந்திருக்கும். போன மாதம் தாலுகா ஆபீசுக்குப் போகாமல் இருந்திருந்தால் நிறுத்தியும் இருப்பேன்.

2

குடும்ப அட்டையைப் புதுப்பிக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அட்டையில் மூன்று பேர். அம்மா மீனாட்சி. நான் ராமையா. தம்பி சந்தனம். கிளார்க்கு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை எண்ணிப் பார்த்தார். எண்ணுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"மூணு பேரு போட்டிருக்கு. மூணாவது ஆளு எங்க?"

"பிந்தி வர்றானுங்க" என்றாள் அம்மா.

"ரெண்டு வருஷமா பிந்தியா? கப்பல்ல வர்றாரா, நீந்தி வர்றாரா?"

வழக்கமாக நான் பேசுகிற பேச்சு அது. அடுத்தவன் வாயிலிருந்து வரும்போதுதான் அது எப்படிக் குத்தும் என்று தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில இருக்கானுங்க. கொழும்புப் பக்கம்" என்றேன்.

"என்ன சீக்கு?"

"காச்ச மண்டையில ஏறிருச்சுங்க" என்றாள் அம்மா. அது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பதில்.

கிளார்க்கு ஒரு தாளை எடுத்துப் போட்டார். அதில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று இறந்தவர். மற்றது வர விருப்பமில்லாதவர். ஏதாவது ஒன்றில் குறி போட்டு அம்மா கைநாட்டு வைத்தால் பெயரை அடித்துவிடலாம், அட்டை சரியாகிவிடும் என்றார். அம்மா பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எம் மகன் சாகலீங்க. விருப்பமில்லாதவனும் இல்லீங்க. மூணாவதா ஒரு கட்டம் போட்டுத் தாங்க."

"ஏம்மா, தாளை நானா அச்சடிக்கிறேன்?"

ஆனால் நல்ல மனுசன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். ஒரு மாதம் தவணை தந்தார். சந்தனம் வருகிறானா, இல்லையா என்று அங்கேயிருந்து யாராவது எழுதிய கடிதம் ஒன்று வேண்டும். வருகிறான் என்றால் பெயரை வைத்திருக்கலாம். கடிதம் வராவிட்டால் அவரே அடித்துவிடுவார்.

"அடிச்சிட்டா, பெறகு அவரு தேறி வந்தாலும் இந்தக் குடும்பத்துல சேக்குறது ரொம்பக் கஷ்டம். சொல்லிட்டேன்" என்றார்.

சந்தனம் ஏன் அங்கே கிடக்கிறான் என்று நம் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் அவனை முனி அடித்துவிட்டது என்பார்கள். முனி அடிக்கவில்லை. நான்தான். எழுதாமல் இருந்ததற்கு மூன்றாவது காரணம் அது.

3

அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பா முப்பது வருடம் கவ்வாத்து வெட்டியவர். வயிற்றில் கட்டி வந்தது. பலாங்கொடை ஆஸ்பத்திரி இரத்தினபுரிக்கு அனுப்பியது. இரத்தினபுரி ஆஸ்பத்திரி லயத்துக்கே, எங்கள் வரிசை வீட்டுக்கே, அனுப்பியது. வலி வந்தால் தலைப்பாகைத் துணியை வாயில் கவ்விக்கொள்வார். சுவருக்கு அந்தப் பக்கத்துக் குடும்பம் தூங்க வேண்டுமே என்று.

தோட்டத்துக்குக் கீழே கிராமத்தில் இருந்த வெதமாத்தயாதான் வழி செய்தார். சிங்கள வைத்தியர். எங்களோடு பேசிப் பேசித் தமிழை அரைகுறையாகப் பிடித்துவைத்திருந்தார். கஞ்சா இலையைக் கழுவி, காயவைத்து, நெய்யில் வறுத்து, கருப்பட்டியும் மிளகும் சேர்த்து இடித்துச் சுண்டைக்காய் அளவு உருட்டிக் கொடுத்தார்.

"இது நோய் போக்காது" என்றார். "நோய கொஞ்சம் தூரமா உக்கார வைக்கும்."

அப்படித்தான் நடந்தது. அன்றைக்கு அப்பா தூங்கினார். வாயில் துணி இல்லாமல் தூங்கினார். நாலைந்து நாளில் எழுந்து உட்கார்ந்து என்னைக் கேலி பண்ணினார். வாழ்நாளில் கேலி பண்ணாத மனுசன். "இவன் மீசையப் பாரு, நர்சரிக் கன்னு மாதிரி. தண்ணி ஊத்துறியாடா?" என்றார். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

ஒன்றுதான் சிக்கல். அந்த மருந்து பசியைக் கொண்டுவரும். கஞ்சிகூட இறங்காத அப்பா சோறு கேட்டார், கருவாடு கேட்டார். அது எந்தக் காலம் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவு இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கை ஆளுக்கு இத்தனை துண்டு என்று எண்ணிச் சாப்பிட்ட காலம். ஊரே பசியைக் கட்டிப் போட வழி தேடியபோது நாங்கள் மருந்து கொடுத்துப் பசியை வரவழைத்தோம். அம்மா தன் பங்கை அவர் தட்டில் வைத்துவிட்டு, தனக்கு வயிறு சரியில்லை என்பாள்.

மூன்று மாதம் போலத் தாங்கினார். வெதமாத்தயா ஒவ்வொரு தடவையும் அலைய வேண்டாம் என்று சுத்தம் பண்ணிய இலையையே என் கையில் கொடுத்து, வறுக்கச் சொல்லித் தந்திருந்தார். மூன்று விரலால் அள்ளுகிற அளவு, ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு. அப்பா போனபிறகு ஒரு பொட்டலம் மீதம் இருந்தது. கூரைச் சட்டத்தில் செருகி வைத்தேன். எறிந்திருக்கலாம். அப்பாவை வலியில்லாமல் தூங்க வைத்த சாமானை எறிய மனம் வரவில்லை.

4

அடுத்த கவ்வாத்துக் காலத்தில் சந்தனம் அப்பாவின் கத்தியை எடுத்தான். பத்தொன்பது வயது. என்னைவிட உயரம், என்னைவிட நிறம், என்னைவிட நல்லவன். மூன்றாவதில் போட்டி இல்லை.

பஜார்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. ஆம்பிளை வேலை. கத்தி சவரக் கத்தி மாதிரி இருக்கும். முதல் செடியில் கத்தி படுவதற்கு முன்னால் கவ்வாத்துச் சாமிக்குப் பூசை. மலை ஓரத்தில் ஒரு கல், அதுதான் சாமி. அதன் முன்னால் கத்திகளை வரிசையாக வைத்து, சேவல் அறுத்து, சாராயம், சுருட்டு, கஞ்சா எல்லாம் படைப்பார்கள். சேவலை அங்கேயே கறியாக்குவார்கள். சாமிக்கு வைத்த கஞ்சாவைச் சுருட்டி ஆளுக்கு ஓர் இழுப்பு. புதிதாகக் கத்தி பிடிக்கிறவன் கட்டாயம் இழுக்க வேண்டும். செத்துப்போன கவ்வாத்துக்காரனின் மகன் வந்தால் அவன் அப்பாவுடைய பங்கையும் அவனுக்கே தருவார்கள்.

அன்றைக்குக் கறி ஆக்கியவன் நான். சந்தனம் ஓர் இழுப்பு இழுத்து, இருமி, கண்ணில் தண்ணீர் விட்டு, "இது நமக்கு ஆகாதுண்ணே" என்று கங்காணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் பங்கு அப்படியே இருந்தது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் யாராவது மாட்டுவார்கள், அது தோட்டத்துக்கே தெரியும். மடியில் அந்தப் பொட்டலம் இருந்தது. சாமிக்கு அப்பாவின் பெயரில் கொஞ்சம் படைக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். மீதியைக் கறிச்சட்டி எண்ணெயில் வறுத்து, சந்தனத்தின் தகரத் தட்டில் மட்டும் கறியோடு பிசைந்தேன். மூன்று விரல் அளவு என்று வெதமாத்தயா சொன்னது ஞாபகம் இருந்தது. அது நோயாளிக்கு, இவன் மலைமாடு மாதிரி இருக்கிறான், இவனுக்கு என்ன செய்யும் என்று நானே கணக்குப் போட்டேன். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

"என்னண்ணே, கறி கசக்குது?"

"அப்பா ஒனக்கு வச்சிட்டுப் போனதுடா. அவரு பங்கு. தின்னு."

அப்பா என்றதும் தின்றான்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் இல்லை. "அப்பாவோட மருந்து செத்துப்போச்சுண்ணே" என்றான். எனக்கு ரோசம் வந்தது. வறுத்ததில் பிசையாமல் வாழை இலையில் கட்டிவைத்திருந்த மிச்சத்தையும் தட்டில் போட்டேன். புகையாக இழுத்தால் நெருப்புக்குச்சி அணைவதற்குள் தலைக்கு ஏறும். தின்றால் மெதுவாக வரும், வந்தால் சீக்கிரம் போகாது. அது எனக்குத் தெரியாது. தெரியாததைச் செய்வதற்கு எனக்கு மட்டும் தைரியம் எப்போதும் இருந்தது.

முதலில் சிரிப்பு வந்தது. கங்காணியின் காதைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தான். அவர் காதையே தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பசி. சட்டியை வழித்தான். பிறகு, "இன்னும் சாயங்காலம் ஆகலியாண்ணே?" என்று கேட்டான். ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்டான். அவனுக்கு அந்த ஒரு நிமிடம் ஒரு பகல். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டோம்.

அப்புறம் அவன் சிரிப்பு நின்றது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். "உள்ள யாரோ தட்டுறாங்க" என்றான். வரிசையில் கிடந்த கத்திகள் தன்னைப் பார்க்கின்றன என்றான். ஒரு செடிக்குப் பின்னால் போய்ச் சுருண்டு படுத்து, என் காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"அண்ணே, என்னைய இங்க விட்டுட்டுப் போயிராதண்ணே."

அதை நான் லயத்தில் ஒரு கிழமை நடித்துக் காட்டினேன். வேட்டியை இழுத்துப் பிடித்து, குரலை நடுங்க வைத்து, அப்படியே. எல்லாரும் சிரித்தார்கள். சந்தனமும் சிரித்தான். வெட்கத்தில் சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

5

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு நல்ல கதை. எத்தனை பேர் கல்யாண வீட்டுக் கறியில் கஞ்சா இலை போட்டுத் தின்றுவிட்டு மறுநாள் எழுந்து வேலைக்குப் போகவில்லை? முப்பது வருடமாக அந்தியில் ஒரு கஞ்சாச் சுருட்டு இழுத்துவிட்டு, காலையில் முதல் ஆளாக மலையேறிய கிழவர்கள் நம் லயத்தில் உண்டு. அது பொய் இல்லை. ஆனால் யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாரை முறிக்கும் என்று இலையில் எழுதியிருக்காது.

சந்தனத்துக்கு அந்தப் பயம் போகவில்லை. சும்மா இருக்கும்போது வரும் என்றான். இழுத்தால் முதல் சிரிப்பு கொஞ்ச நேரம் வந்து பயத்தை மறைக்கும் என்றும் அவனே கண்டுபிடித்தான். காட்டை எரித்துப் பயிர் வைக்கும் சோமபால, கத்தரிக்காய்க் கூடைக்கு அடியில் கஞ்சா வைத்துக் கொண்டுவருவான். முதல் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தவனும் நான்தான். தூக்கம் வரவில்லை என்று சொன்னான். அப்பாவுக்குத் தூக்கம் தந்ததுதானே என்று கொடுத்தேன்.

கொஞ்ச மாதத்தில் குளிப்பதை விட்டான். பேசுவதைக் குறைத்தான். கவ்வாத்துக் கத்தியால் ஒரு வரிசையை அடியோடு வெட்டிப் போட்டான். வேருக்குள்ளிருந்து திட்டுகிறார்கள் என்றான். திட்டு விளைகிற செடியை எங்கே போய் விற்பது என்று அதையும் கேலியாக்கினேன். வாய் பழகிவிட்டது.

அந்த நேரம் தோட்டத்தில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒவ்வொரு கிழமையும் யாருக்காவது இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்தது. பாயைச் சுருட்டி, கோழியை விற்று, லொறி ஏறினார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடும்போது, போனவர்களின் பெயர்களும் செக்ரோல் ஏட்டில் இருந்து வாய் தவறி வந்துவிடும். கூப்பிட்டுவிட்டு, "ஆ, போயிட்டான்ல" என்று நாக்கைக் கடிப்பார்.

ஒரு காலையில் அப்படி ஒரு பெயரைக் கூப்பிட்டார். "இருக்கேங்க" என்று குரல் வந்தது. சந்தனம். அடுத்த பெயருக்கும் அவன்தான். பொம்பளைப் பெயருக்கும் அவன்தான். களமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம் அவன் வெறும் களத்தில் தனியாக நின்றான். வெயில் கொளுத்தியது. கூப்பிட ஆள் இல்லை. அவனுக்கு மட்டும் பெயர்கள் கேட்டன. ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கி, "இருக்கேங்க, இருக்கேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். போன குடும்பங்கள் எல்லாம், ஒன்று விடாமல். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினாள். அவன் அம்மாவிடம் சொன்னான்: "இல்லேன்னு சொன்னா பேர வெட்டிருவாங்கம்மா."

அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

கோடாங்கி வந்து உடுக்கு அடித்தார். முனி என்றார். சேவல் கேட்டார், கொடுத்தோம். பிறகு நானே சந்தனத்தை வெதமாத்தயாவிடம் கூட்டிப் போனேன். அவர் அவன் கண்ணைப் பார்த்தார். நாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஒங்க அப்பாவுக்கு குடுத்த எல, மிச்சம் என்ன செஞ்ச?"

நான் சந்தனத்தைப் பார்த்தேன்.

"நான் எண்ணித்தான் குடுக்கிறது" என்றார். "மிச்சம் திருப்பிக் கேக்க மறந்தது. அது என் பெழ." தனக்கு இதற்கு மருந்து தெரியாது என்றும், கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியும் ஒரு துண்டு எழுதித் தந்தார்.

6

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் நடுவில் நான்.

"கன்ஸா பொனவாத?" என்றார். கஞ்சா குடிப்பானா என்கிறார். ஆமாம் என்றேன். எத்தனை மாதமாக என்றார். சொன்னேன். யார் முதலில் கொடுத்தது என்றார். "தன்னே நே மாத்தயா" என்றேன். தெரியாது ஐயா.

அவர் விளக்கமாகச் சொன்னார். கஞ்சா மட்டும்தான் காரணம் என்று தன்னால் சொல்ல முடியாது. சிலருக்கு இந்த நோய் வருகிற உடம்பு. கஞ்சா இல்லாவிட்டாலும் ஒருநாள் வந்திருக்கலாம், வராமலே போயிருக்கலாம். ஆனால் இந்த வயதில், இவ்வளவு கஞ்சா, இவனுக்கு நஞ்சு. இனித் தொடவே கூடாது. மருந்து நிறுத்தக் கூடாது. நாளாகும்.

"என்னய்யா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"காச்ச மண்டையில ஏறிருச்சாம்மா. அதான்."

"காச்ச எப்ப வந்துச்சு இவனுக்கு?"

"உள்காச்சலாம்."

அம்மா டொக்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். அவர் பதிலுக்குத் தலையை ஆட்டினார். அவர் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார்.

ஆறு மாதம் கழித்து எங்கள் பாஸ்போட் வந்தது. கூடவே, இன்ன நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ். ஆபீசில் போய் நின்றேன். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றேன். ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டியது. கடைசி மேசையில் இருந்தவர், தவணை தாண்டினால் நீங்கள் கள்ளத்தனமாய்த் தங்கியவர்கள், பிடித்தால் உள்ளே போடுவார்கள் என்றார். சுகமானதும் உங்கள் தம்பியை அனுப்பிவைப்பார்கள் என்றார். யார் அனுப்புவார்கள் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

போவதற்கு முன்னால் பார்க்கப் போனோம். சந்தனம் தேறியிருந்தான். மருந்தில் உடம்பு ஊதியிருந்தது, கை நடுங்கியது, ஆனால் எங்களைத் தெரிந்தது. அம்மா அவன் தலையைச் சீவிவிட்டாள். கப்பலைப் பற்றி யார் சொல்வது? வாய் உள்ளவன் நான்தானே. நான் சொல்லவில்லை. "அடுத்த கெழம வர்றோம்டா, கறி கொண்டாறோம்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "கறி வேணாண்ணே" என்றான்.

7

இங்கே குடியேற்றத்தில் வேலை இல்லாத பொடியன்மார் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூடுகிறார்கள். மலைக்கு வரும் சாமியார்களிடம் பொட்டலம் வாங்குகிறார்கள். தாலுகா ஆபீசுக்குப் போய்வந்த மறுநாள் ஒருவன் என்னையும் கூப்பிட்டான்.

"வாங்கண்ணே. சிவனே அடிக்கிறாரு."

"சிவனுக்குப் பொண்டாட்டி மலைராசா மக. பைத்தியம் புடிச்சா வச்சுப் பாக்க மாமனாரு வீடு இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?" என்றேன்.

சிரித்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து சந்தனத்தின் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. அம்மாவுக்குச் சொல்லாததை ரோட்டில் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பொட்டலம், தகரத் தட்டு, இரண்டாவது தடவை போட்டது, டொக்டர் சொன்னது, நான் மாற்றிச் சொன்னது, எல்லாம். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கடைசித் தண்டு வரைக்கும் ஆய்ந்தாள்.

பிறகு கேட்டாள்: "அப்பா வச்சிட்டுப் போனதுன்னு சொல்லியா குடுத்த?"

"ஆமாம்மா."

"அப்ப அவன் ஒன்னைய வெறுப்பானா, செத்த மனுசன வெறுப்பானா?"

சோறு போட்டாள். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமல் போட்டாள்.

மூன்றாம் நாள் நஸீருக்கு எழுதினேன். மாதம் ஒருமுறை அவன் கடைக்குச் சரக்கு எடுக்கக் கொழும்புக்குப் போகிறவன். சந்தனத்தைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்தக் கறியில் இலையைப் போட்டது நான்தான், அப்பா அவனுக்கென்று ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று அவனிடம் சொல்லச் சொன்னேன். எங்கள் அட்டையில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது, வர விருப்பம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், நான் எத்தனை ஆபீஸ் படியேறியும் அவனை எடுப்பேன், அண்ணனோடும் அம்மாவோடும் வந்து இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னேன்.

நாங்கள் இனித் திரும்பி அங்கே போக முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். எங்களைப் போன்றவர்களின் பாஸ்போட்டுக்கு ஒரு பக்கம்தான் வழி.

பதில் வரும்வரை இந்தக் கட்டுரையை அனுப்பாமல் வைத்திருந்தேன். தவணைக்கு இன்னும் நாலு நாள். இன்றைக்கு மத்தியானம் தபால்காரர் நீலத் தாள் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "படி" என்றாள். இரண்டு பக்கமும் நிரப்பி எழுதுகிற நஸீர், இந்தத் தடவை ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தான்.

"கேட்டேன் மச்சான், அம்மாவ மட்டும் இங்க வரச் சொல்றான்."